பூட்டிவைத்த காகித ரிப்பன்கள்

எல்லாம் சின்னவள் கேட்ட ஒரு கேள்வியில்தான் ஆரம்பித்தது.

"கிளிசரின் எவ்வளவுக்கா ஊத்துறீங்க?"

சின்னவள் என்றால் கொழுந்தன் பெண்டாட்டி. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை. பெரியவள் கேக் கடைக்கு ரிப்பன் முடிச்சு செய்து கொடுப்பவள். துணி ரிப்பன் இல்லை. மாவால் ஆன, நாக்கில் வைத்தால் கரைகிற வேஃபர் காகிதம். பட்டையாக நறுக்கி, தண்ணீரில் கிளிசரின் கலந்து தூரிகையால் ஒரே தடவு. ஈரம் கூடினால் தாள் கூழாகும். குறைந்தால் மடிக்கும்போதே படக்கென்று முறியும். பட்டையை இரண்டு காதுபோல வளைத்து, அவற்றுக்குள் டிஷ்யூ சுருளை வைத்து நிமிர்த்தி, நடுவில் ஒரு பட்டையைச் சுற்றிவிட்டால், தையல்காரரே பட்டுத்துணியா என்று தொட்டுப் பார்ப்பார். பத்து வருடம் அலுவலகங்களில் தரை துடைத்த கைக்கு, நாற்பது வயதுக்கு மேல் வந்த வித்தை இது. அதை இன்னொருத்தி கேட்டால் சும்மா சொல்லிக்கொடுத்துவிட முடியுமா?

"கண்ணளவுதான்" என்று மழுப்பினாள். அன்றிலிருந்து முடிச்சுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைப்பதை நிறுத்திவிட்டாள். செய்த கையோடு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை நான்கு பக்கமும் அழுத்தி, அலமாரிக்குள் தள்ளினாள்.

அதற்கப்புறம் இரண்டு தடவை கடையில் டப்பாவைத் திறந்தபோது, முடிச்சுகள் காது தொங்கிக் கிடந்தன. கேக் கடைக்காரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சனிக்கிழமை மூணு அடுக்கு கல்யாண கேக். பதினோரு முடிச்சு வேணும். இதுவும் தொங்கிச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

வேற ஆள் யாரென்று பெரியவளுக்குத் தெரியாதா? தான் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, சின்னவள் டப்பாவைத் திறந்து கெட்டில் ஆவியைக் காட்டுகிறாள். வேறென்ன! வியாழக்கிழமை உபரி ஒன்றோடு பன்னிரண்டு முடிச்சுகளை மூடி, அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள். அது போதாதென்று டப்பாவின் குறுக்கே ஒரு தையல் நூலைச் சுற்றி முடிந்தும் வைத்தாள்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உள்ள என்ன, கஜானாவா?"

"உங்க தம்பி பெண்டாட்டிகிட்ட கேளுங்க."

வெள்ளிக்கிழமை காலை திறந்தாள். நூல் கட்டியபடியே இருந்தது. உள்ளே பன்னிரண்டு முடிச்சும் நனைந்த கோழி மாதிரி படுத்திருந்தன. மூடியின் உட்புறம் பொடிப்பொடியாக வியர்த்திருந்தது.

பெரியவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஆவி காட்டவில்லை. காயாத தாளைக் காற்றுப் போகாமல் அடைத்துவைத்ததே அவள்தான்.

மறுபடி பன்னிரண்டு செய்து முடிக்க மத்தியானமாயிற்று. இனி விடியும்வரை காற்றாட விரித்துவைக்க வேண்டும். சாப்பாட்டு மேசை ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேண்டும். சமையலறையில் எந்நேரமும் உலை ஆவி. அவளுடைய அறைச் சுவரில் ஈரம் பூத்திருக்கிறது. காய்ந்த அறை, மின்விசிறி ஓடுகிற அறை ஒன்றே ஒன்றுதான். சின்னவளுடையது.

தட்டோடு வாசலில் நின்றாள். "ஒரு நாளைக்கு இதை இங்க வச்சுக்கவா?"

"வாங்கக்கா, சாவியும் கொண்டாந்தீங்களா?" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சின்னவள் பதிலுக்குக் காத்திராமல் மேசையில் கிடந்த துணிகளை வாரிக் கட்டிலில் போட்டாள். "எனக்கு எதுக்குக்கா உங்க தொழிலு? செருப்பு வாரே ஒழுங்கா மாட்ட வராது. சும்மா பேச்சுக்குக் கேட்டேன், அன்னைக்கு."

காலையில் முடிச்சுகள் விறைப்பாக, காது நிமிர்ந்து நின்றன. பெரியவள் எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள்.

"ஒண்ணு எங்க?"

"தின்னு பாத்தேன்க்கா. உப்புச்சப்பே இல்ல. இதுக்கா இவ்வளவு காவலு?"

கடையில் கேக் கடைக்காரம்மா ஒரு காதை விரலால் அழுத்திப் பார்த்தாள். அது அசையவில்லை. "இப்படித்தான் இருக்கணும். அடுத்த வாரம் எட்டு" என்றாள்.

பெரியவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதில்தான் அது உறைத்தது: பார்த்துச் செய்ய மாதிரிக்கு ஒன்று போதுமே, தின்றதை யார் பார்த்தார்கள்?