அண்ணன் வயிற்றில் துடித்தது

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தம்போயில், தன் வீட்டு சோபாவில் அண்ணன் மல்லாந்து படுத்துப் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வயிற்றின் மேல் கிடந்த ரிமோட் மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. மூச்சோடு ஏறி இறங்கவில்லை. நாடி துடிக்கிற கணக்கில் துள்ளியது. அதை முதலில் பார்த்தவன் நான்தான். பார்த்துவிட்டு மறுபடியும் சுவரை அடைத்து நின்ற புது டிவியையே முறைத்தேன். அவருக்கு சிங்கப்பூர் சம்பளம், சொந்தமாக மாடி வீடு. எனக்குத் தொழிற்சாலை ஷிஃப்ட், வாடகை வீடு. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தான். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

பெக்கோக்கில் இருக்கும் எங்கள் அத்தை அந்தத் துடிப்பைக் குடலேற்றம் என்று சொல்லிவிட்டார். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் அதுதான் பெயர். அண்ணன் போகும்போதெல்லாம் விளக்கெண்ணெயைச் சூடாக்கி, பாயில் படுக்க வைத்து, தொப்புளைச் சுற்றி அழுத்தித் தேய்த்துவிடுவார். அண்ணனும் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு வயிற்றுவலி என்றால் மட்டும் சுடுதண்ணீர் குடிக்கச் சொல்வார்.

சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று அண்ணனுக்கு எடுத்த ஸ்கேனில்தான் உண்மை தெரிந்தது. இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய், தொப்புளுக்குப் பின்னால் ஓரிடத்தில் வீங்கியிருந்தது. பல வருடச் சிகரெட்டும் ரத்தக் கொதிப்பும் அதன் சுவரைத் தளர்த்திவிட்டன என்றார் டாக்டர். தளர்ந்த இடத்தை ரத்தம் தள்ளிக்கொண்டே இருக்கும். விரிய விரியச் சுவர் மெலியும், மெலிந்தால் இன்னும் வேகமாக விரியும். பெரும்பாலும் வலியே இருக்காது. வெடித்தால் பிழைப்பது அரிது. இப்போதைக்குச் சிறியதுதான், அடிக்கடி ஸ்கேன் எடுத்து அளந்து பார்ப்போம், பெரிதானால் அறுவை சிகிச்சை செய்யலாம், இனி யாரும் வயிற்றை அமுக்கவே கூடாது என்றார். அத்தை அழுது தீர்த்தார். அண்ணனைத் தண்ணீர் வாளிகூடத் தூக்க விடவில்லை. ஊரே அவரைத் தாங்கியது. அதையும் நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அண்ணன் லீவு போட்டு என்னையும் ஸ்கேனுக்கு இழுத்துப் போனார். எனக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் அண்ணிக்கு போன் போட்டார்.

“தம்பிக்கு ஒன்னும் இல்லையாம் லா. நான்தான் ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்.”

அவர் குரல் உடைந்திருந்தது. தனக்கு இல்லாத ஒன்று தம்பிக்குக் கிடைத்ததில் ஒரு மனிதர் இப்படிச் சந்தோஷப்பட முடியுமா? அந்த மனசு எனக்கு ஏன் வரவில்லை என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

அடுத்தடுத்த ஸ்கேன்களில் வீக்கம் கூடியது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன் ஒருமுறை அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அண்ணனும் அண்ணியும் பெக்கோக் போனார்கள். திரும்பும்போது நெடுஞ்சாலையில் ஆயர் ஈத்தாம் பக்கத்தில் முதுகு வலிக்கிறது என்றாராம். ரொம்ப நேரம் கார் ஓட்டியதால் இருக்கும் என்று ஓரமாக நிறுத்திச் சாய்ந்து உட்கார்ந்தாராம். முகமெல்லாம் வேர்த்து வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

இப்போது நானும் கடன் வாங்கி ஒரு வீடு வாங்கிவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் போன மாதம் புதுக் கார் எடுத்தார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்து, தெருவுக்கே இனிப்பு கொடுத்தான். வாங்கிச் சாப்பிட்டேன். மனசு அசையவே இல்லை. பொறாமைப்படுவதற்குக்கூட எனக்கு அண்ணன்தான் வேண்டியிருக்கிறது.