சேதராப்பட்டு பஸ்ஸும் பீப் டெஸ்ட்டும்

ஒரே ஓட்டம்தான். பேரை மாற்றிச் சொன்னதும் ஒரு பிள்ளையின் கால் எப்படி மாறுகிறது?

சாரம் பகுதியில் ஒரு பள்ளியில் பி.டி. மிஸ்ஸாக இருக்கிறேன். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய வாரமே ஒன்பதாம் வகுப்புக்கு பீப் டெஸ்ட் வைக்கச் சொன்னார்கள். இருபது மீட்டர் தள்ளி இரண்டு கோடு. ஸ்பீக்கரில் ‘பீப்’ கேட்பதற்குள் எதிர்க்கோட்டைத் தொட வேண்டும். லெவல் ஏற ஏற பீப் சீக்கிரம் வரும். அடுத்தடுத்து இரண்டு முறை பிந்தினால் அவுட்.

1. வயிற்றுவலி

கோடுகளில் அடையாளக் கோன்களை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சங்கவி வயிற்றைப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். போன வருடம் முதலில் அவுட்டானவள்.

“டெஸ்ட்டுன்னாலே வலிக்குது மிஸ். இனிமே நான் பி.டி.க்கே வரல.”

வற்புறுத்தலாமா? விட்டுவிடலாமா? நாளை என் மகள் இப்படி உட்கார்ந்தால்? நான் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றேன்.

பிரான்சிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்த ஜோயல் கோடுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “அய்யோ, இது நவெத்! அங்க நவெத்துன்னா பாதி கிளாஸுக்கு வயித்துவலி வந்துடும் மிஸ்.”

“லண்டன்ல எங்க அக்கா பசங்க ப்ளீப்னு சொல்லுவாங்க. அதே வலிதான்” என்றாள் ரிஸ்வானா.

“அமெரிக்காவுல இதுக்குப் பேரு ‘பேசர்’” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “என் சித்தி பையன் அன்னிக்கு மட்டும் நொண்டுவான்.”

சங்கவி தலையைத் தூக்கினாள். “நெஜமாவா? அங்கயுமா?”

“உனக்கு மட்டும்னு நெனச்சியா? நீயும் ஒரு பேர் வைடி” என்றாள் ரிஸ்வானா.

சங்கவி யோசித்தாள். தினமும் சேதராப்பட்டிலிருந்து வருகிறவள். “சேதராப்பட்டு பஸ். தெனமும் காலைல இப்டிதான் ஓடி வந்து புடிக்கிறேன்.” சொல்லிவிட்டு எழுந்து கோட்டுக்கு வந்துவிட்டாள்.

2. போலாம் ரைட்

ஓட்டம் சூடுபிடித்த நேரம் பீப் நின்றது. அந்த ஒலி என் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் என் கணவரின் அழைப்பு வந்துவிட்டது. பதற்றத்தில் அழுத்தித் தொலைத்தேன். ஸ்பீக்கர் மைதானம் முழுக்கப் பேசியது: “ஏம்மா, பாப்பா கஞ்சிய என் தலையில கவுத்துட்டா. தொடைக்கிறதா, குளிக்கிறதா?”

“குளிங்க சார்!” என்று வகுப்பே கத்தியது.

நான் அழைப்பைத் துண்டிப்பதற்குள் ஜோயல் கைதட்டி, “போலாம் ரைட்!” என்றான். அவுட்டானவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். “ரைட்! ரைட்! ஏய் சங்கவி, பஸ்ஸ உட்றாத!” கைதட்டல் வேகமேற, அவளும் வேகமேறினாள். அவள் மூச்சிரைக்க நின்றபோது பாதி வகுப்பு ஏற்கெனவே அவுட்டாகிக் கோட்டோரம் நின்றுகொண்டிருந்தது.

“மிஸ், வயித்துவலி வரல” என்றாள். “பசிதான் வருது.”

சிரித்துச் சிரித்து எனக்குத்தான் வயிறு வலித்தது.

3. திங்கட்கிழமை

பீப் இல்லாமல் ஓடியது செல்லாதாம். தலைமையாசிரியை, “கைதட்டி வச்சா அது டெஸ்ட்டா மிஸ்? திங்கக்கெழம ஒழுங்கா வைங்க. பீப்ப ஸ்கூல் லேப்டாப்ல போட்டுக்கலாம், ஃபோன ஆஃபீஸ் ரூம்ல குடுத்துடுங்க” என்றார். நியாயம்தான். கைபேசியைக் கொடுத்துவிட்டால் மகளுக்கு ஏதாவது என்றால் எப்படித் தெரியும் என்பது என் தனிக்கவலை.

பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது என்று தெரிந்தாலே பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள்; நான் கற்றது அவ்வளவுதான். ஆனால் நாளை வெளியே எங்கு போனாலும் சங்கவியிடம் ‘டெஸ்ட்’ என்றுதானே சொல்வார்கள்? திங்கட்கிழமை அந்தச் சொல்லையே சொல்லிப் பழக்கட்டுமா, ‘பஸ்’ என்ற பேரிலேயே இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்று விடட்டுமா? பிள்ளைகளை ஓடவைத்துப் பழகியவர்கள் யாராவது சொல்லுங்களேன்.