போணிக்கு ஒரு சோப்பு

அப்போது நான் கோட்டாற்றில் ஒரு சோப்புக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைகளுக்குப் பெட்டிக் கணக்கில் விற்பதுதான் வேலை. மொத்தம் நான்கு பேர். பத்து மணிக்குக் கடைக்குப் போவோம், ஓரளவு விற்போம், மத்தியானம் எங்கேயாவது கண்ணயர்வோம்.

அந்த நிம்மதியைக் கெடுக்க மதராசிலிருந்து ஒரு மானேஜர் வந்தார். எங்களை வழிநடத்த வந்திருப்பதாக அவரே சொன்னார். "கடை திறந்ததும் முதல் ஆளா யார் நிக்கிறானோ, ஆர்டர் அவனுக்குத்தான்" என்பது அவர் காட்டிய வழி. ஓணத்துக்குள் விற்பனையில் கடைசியாக நிற்பவருக்கு வேலை இல்லை என்றும் சொன்னார். கடைசி ஆள் நான்தான். இந்த வேலையைப் பார்த்துத்தான் மாமனார் பெண் கொடுத்திருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் குளச்சல் போனேன். பலசரக்குக் கடைச் சாயிபு அப்போதுதான் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். பையைத் திறக்குமுன்னே கையமர்த்தினார்.

"போணி ஆகல்ல வே. பைசா உள்ள வராம வெளிய போற பேச்சு எடுக்கப்பிடாது. பொறவு வாரும்."

மணவாளக்குறிச்சியிலும் இதே பதில். பத்து மணிக்குப் போன காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு வாரம் அலைந்தபின் புத்தி வந்தது. போணியை நானே செய்தால் என்ன? கடையில் கைக்கு எட்டிய மலிவான சாமான், அந்தக் காலத்துக் காசில் ஒரு சக்கரம் விலையுள்ள சோப்புக் கட்டி. எங்களுடையது அல்ல, போட்டிக் கம்பெனியுடையது. எங்கள் கட்டி இரண்டு சக்கரம். சாயிபு பிஸ்மி சொல்லிக் காசைப் பெட்டியில் போட்டார். "ரெண்டு பெட்டி எழுதிக்கிடும்" என்றார்.

பெருமை தாங்காமல் மற்ற மூவரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். ஒரே மாதத்தில் நான்கு வீட்டிலும் போட்டிச் சோப்பு குவிந்தது. "நம்ம சோப்ப விட இது நல்லா நுரைக்கி" என்று என் மனைவி நற்சாட்சி வேறு கொடுத்தாள்.

போட்டிச் சோப்பு காலையிலேயே விற்பது மானேஜர் காதுக்கு எட்டியது. "அவங்க ஆளுங்க நமக்கும் முன்னாடி போறாங்க. நாளைக்கு நானே வந்து பாக்குறேன்" என்றவர் மறுநாள் என்னோடு குளச்சலுக்குக் கிளம்பினார்.

கடையில் அவர் வாயெடுத்ததும், "போணி ஆகல்ல சாரே" என்றார் சாயிபு. பிறகு என்னைப் பார்த்து, "என்ன வே, ஒமக்குள்ள சோப்பு எடுத்து வச்சிருக்கேன். வாங்கல்லியா?" என்று அந்தக் கட்டியை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

மானேஜர் கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமனாரிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அப்போது தெருமுனையில் போட்டிக் கம்பெனியின் ஆள் பையோடு வருவது தெரிந்தது. மானேஜர் சட்டென்று சட்டைப் பையில் கைவிட்டு ஒரு சக்கரத்தை எடுத்து நீட்டினார். மூன்று பெட்டிக்கு ஆர்டர் கிடைத்தது.

திரும்பும் வழியில் பஸ் இரணியலைத் தாண்டியது. அவர் காகிதத்தில் சுற்றிய கட்டியை என் மடியில் வைத்தார்.

"இத நான் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. நீங்க வச்சுக்குங்க."

ஓணம் வந்தது, யாருக்கும் வேலை போகவில்லை. விற்பனையை உயர்த்தியதற்காக மானேஜருக்குச் சம்பளம் கூடியது. அவர் பங்குச் சோப்பையும் சேர்த்து நாங்கள்தான் தேய்த்துத் தீர்த்தோம்.