எண்பத்தாறு பதிவுகள்

டெல்பினுக்கு நாற்பத்து மூன்று வயது. சாந்தோமில் அம்மா பியாட்ரிஸுடன் வசிக்கிறாள். காது கேட்கும் கருவி விற்கும் ஒரு நிறுவனத்தின் தி. நகர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வாடிக்கையாளர் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

வயதானவர்களின் பதிவுகள் எப்போதும் குழப்பம்தான். ஒரே பாட்டி முழுப் பெயரில் ஒருமுறையும் வெளிநாட்டு மகளின் போன் நம்பரில் ஒருமுறையும் கணினியில் ஏறியிருப்பார். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். அலுவலகத்தில் அதற்கு மெர்ஜ் என்று பெயர். எதை மெயினாக வைக்கிறோமோ அதில் உள்ள விற்பனையாளரின் பெயர்தான் நிற்கும். மற்றவர் பெயரும் அவர் எழுதி வைத்த குறிப்புகளும் போய்விடும். சேர்த்ததைப் பிறகு பிரிக்க முடியாது. அதனால் டெல்பின் நிதானமாகச் செய்வாள், சந்தேகம் வந்தால் விற்பனையாளரைக் கேட்பாள்.

ஜெயபாரதி தந்த பட்டியலில் மட்டும் அவள் அப்படிச் செய்யவில்லை.

ஜெயபாரதி விற்பனைப் பிரிவில் இருந்தாள். ஒன்பது வருடம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். பியாட்ரிஸ் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டெல்பின் வேலைக்குப் போன பகல்களில் எல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவள் அவள். டெல்பினுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்த இடத்தில் அவளைத்தான் வைத்திருந்தாள்.

மார்ச் கடைசியில் ஜெயபாரதி அந்தப் பட்டியலோடு வந்தாள்.

"டெல்பி, என் கஸ்டமருங்க எல்லாம் டபுள் டபுளா கெடக்குது. என் பேர்ல இருக்கறதுலதான் கரெக்டான நம்பர் இருக்கு. அதையே மெயினா வெச்சு மெர்ஜ் பண்ணிடேன்."

"இன்னொண்ணு கோதண்டபாணி சார் பேர்ல இருக்கே?"

"அவரு வீடுங்களுக்குப் போறதையே விட்டுட்டாருடி. இப்ப நான்தான் பாத்துக்கறேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

டெல்பின் முதல் பத்தைத் திறந்து பார்த்தாள். பெயரும் முகவரியும் பொருந்தின. மீதியைத் திறக்காமலே சேர்த்தாள். மொத்தம் எண்பத்தாறு.

மே மாதம் மேலாளர் பொன்ராஜ், கோதண்டபாணியைக் கூப்பிட்டனுப்பினார். கோதண்டபாணி சைதாப்பேட்டைக்காரர், வயது ஐம்பத்தாறு. வெயிலோ மழையோ ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய்வருகிறவர். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் குரல் வெளியே கேட்டது.

"இன்னா சார் இது? நூறு பேருக்கு மேல நான் பாத்துக்கினு கீறேன், முப்பத்தொண்ணுன்றீங்க?"

பொன்ராஜ் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். வேலையிலிருந்து நின்றுவிடச் சொன்னார். கோதண்டபாணி பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பாவம், வயதாகிவிட்டது என்று டெல்பின் நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் ஜெயபாரதி ஏரியா ஹெட் ஆனாள். எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். டெல்பினுக்கு இரண்டு துண்டு.

ஜூனில் மந்தைவெளியிலிருந்து தமிழ்மாறன் என்பவர் போன் செய்தார். அவருடைய அம்மா தேவானையின் கருவி கீச்சென்று கத்துகிறதாம்.

"கோதண்டபாணி சார் ஏன் வரல? ஏப்ரல்ல கூட வந்தாரே."

டெல்பின் பதிவைத் திறந்தாள். "உங்க வீட்டுக்கு ஜெயபாரதி மேடம்தானே சார் வர்றாங்க?"

"அது யாருங்க? ஆறு வருஷமா அவர்தான் வர்றாரு. மணி அடிச்சா அம்மாவுக்குக் கேக்காதுன்னு ஜன்னலத் தட்டுவாரு."

டெல்பின் போனை வைத்துவிட்டு, அந்தப் பதிவு உருவான தேதியைப் பார்த்தாள். மார்ச் பன்னிரண்டு, பிற்பகல். அடுத்த பதிவும் அதே நாள். எண்பத்தாறையும் திறந்தாள். எல்லாமே மூன்று நாளைக்குள் ஜெயபாரதியின் கணினியில் ஏறியவை. மெர்ஜ் செய்வதற்கென்றே உண்டாக்கப்பட்ட இரட்டைகள்.

சாப்பாட்டு மேஜையில் டப்பாவைத் திறக்காமல் கேட்டாள்.

"அதெல்லாம் உன் கஸ்டமரா பாரதி?"

ஜெயபாரதி சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "அவருக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். எனக்கு இருபது வருஷம் இருக்கு."

"என்கிட்ட பொய் சொன்னியே."

"உன்கிட்ட உண்மையச் சொல்லியிருந்தா செஞ்சிருப்பியா? இத பாரு, ஒவ்வொண்ணுலயும் மெர்ஜ் பண்ணது டெல்பின்னுதான் இருக்கு. கிளறினா உனக்குத்தான் அசிங்கம். பேசாம சாப்பிடு."

டெல்பின் எழுந்துவிட்டாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தவளும் இவளும் ஒரே ஆள்தானா என்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த ஆறு நாள் எண்பத்தாறு வீடுகளுக்கும் போன் செய்தாள். எல்லாரிடமும் ஒரே கேள்வி: உங்கள் வீட்டுக்கு வருகிறவர் யார்? எழுபத்தொன்பது பேர் கோதண்டபாணி என்றார்கள். ஐந்து பேர் எடுக்கவில்லை. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பதில்களை வரிசையாக எழுதி, 'இவற்றைச் சேர்த்தது நான், சரிபார்க்காமல் சேர்த்தேன்' என்று முதல் வரியிலேயே சொல்லி, பொன்ராஜுக்கும் அவருக்கு மேலே உள்ளவர்களுக்கும் அனுப்பினாள்.

"உங்க பேரையும் ஏம்மா இழுத்து விட்டுக்கிட்டீங்க?" என்றார் பொன்ராஜ்.

"செஞ்சது நான்தானே சார்."

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஜெயபாரதியை அடையாறு கிளைக்கு மாற்றினார்கள், அதே பதவியில். 'புரிதல் பிழை' என்று அலுவலகத்தில் பேசி முடித்தார்கள். போகும் நாளில் அவள் எல்லார் மேஜைக்கும் போய் விடைபெற்றுக்கொண்டாள், டெல்பினின் மேஜையைத் தவிர.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை கோதண்டபாணி திரும்ப வேலைக்கு வந்தார். டெல்பின் எழுந்து நின்றாள்.

"என்ன மன்னிச்சிடுங்க சார். தெரியாம செஞ்சிட்டேன்."

"தெரியாமத்தாம்மா செஞ்சே, அது தெரியும். நீ லெட்டர் போட்டதையும் சொன்னாங்க." அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆனா நீ மெர்ஜ் பண்ண அன்னிக்கு பத்தடி தள்ளிதானே உக்காந்துகினு இருந்தேன். ஒரு வார்த்த இன்னா ஏதுன்னு கேட்டிருக்கலாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. டெல்பின் தேவானை வீட்டு முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினாள். "எனக்கு வீடு தெரியும்மா" என்று சொல்லிவிட்டு, அதை வாங்காமலே அவர் படியிறங்கினார்.