மாணிக்கம் அண்ணனின் பாதமும் மிச்ச மாத்திரையும்

உலகமே கிருமியைக் கொல்லப் பார்க்கும்போது, அதற்குச் சோறு போட்டு வளர்த்துச் சம்பளம் வாங்கிய கூட்டம் நாங்கள். எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் இருந்தேன். முக்கால்வாசி வேலை காத்திருப்பதுதான். ஒரு நாள் ஆகாமல் கிருமி முகம் காட்டாது. பொறுமை இல்லாமல் பிறந்து இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

தெளிந்த வட்டம்

ஒருநாள் வந்த சீழ் பாட்டிலில் தெரிந்த பெயர்: மாணிக்கம். பூன் லே அடுக்குமாடியில், எங்கள் மாடியிலேயே நாலு வீடு தள்ளி இருப்பவர், ஜூரோங் கப்பல் பட்டறை வெல்டர். பாதத்தில் தகடு விழுந்து, பத்து நாள் வீட்டு வைத்தியம் பார்த்து, கால் வீங்கிய பிறகு வந்து படுத்திருந்தார். பாதத்தை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கிருமியைப் பூசிய தட்டில், மருந்தில் ஊறிய சின்னக் காகித வில்லைகளை வைப்போம். வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுந்தால் அந்த மருந்து கொல்கிறது என்று அர்த்தம். அவருடையது இளஞ்சிவப்பாக வளரும் கிருமி. ஆம்பிசிலினைச் சுற்றி நல்ல பெரிய வட்டம். வார்டுக்கே ஓடிப்போய்ச் சொன்னேன், அன்றே அந்த ஊசியை ஆரம்பித்தார்கள். அண்ணன் சொன்னார்: "அப்ப நல்ல மருந்துதான்லா. நீ குடுத்ததும் அதே கேப்சூல்தானே, தங்கச்சி?"

வட்டம் காணோம்

ஆமாம், அவர் வீட்டு வைத்தியம் பார்த்த நாளில் நான் கொடுத்ததுதான். மகளின் இருமலுக்கு வாங்கியதில் மிச்சம் ஆறு. எங்கள் மாடியில் சர்க்கரை, கறிவேப்பிலை, மாத்திரை மூன்றையும் யார் கேட்டாலும் இல்லையென்று சொல்லும் வழக்கமில்லை. கிருமியோடு குடித்தனம் நடத்தும் எனக்கே அது தப்பாகத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. மறுபடி சீழ் வந்தது. அதே இளஞ்சிவப்பு, இப்போது ஆம்பிசிலின் வில்லையின் விளிம்பு வரை வளர்ந்திருந்தது. கூடவே அந்த மருந்துக்கு மசியாத, நிறமில்லாத புதிய கிருமி ஒன்று. எங்கள் சூப்பர்வைசர் செல்லையா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வாரம் செத்தது இந்த வாரம் எப்படிம்மா பொழைக்கும்? லேபிளை மாத்தி ஒட்டிட்டே. ரிப்போர்ட்ல நான் சைன் பண்ண மாட்டேன்."

நாலு தடவை

மறுபடி சோதனை, மறுபடி ஒரு நாள். இன்னும் ஐந்து மருந்து வில்லைகளைச் சேர்த்து வைத்தேன். மறுநாள் விடிந்ததும் கிருமி வளர்க்கும் சூட்டுப் பெட்டியை நாலு தடவை திறந்து பார்த்தேன். அங்கே ஒரு கால் வீங்கிக்கொண்டிருக்கும்போது எப்படி உட்காருவது? கடைசியில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி வட்டம். செல்லையா கையெழுத்துப் போட்டார், வார்டில் ஊசியை மாற்றினார்கள். ஆனாலும் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "இதுக்குக் காரணம் சொல்ற வரைக்கும் லேபிள் தப்புன்னுதான் எழுதி வைப்பேன்."

வளையம்

காரணம் பாடத்தில் படித்ததுதான். கிருமிக்குள் பெரிய மரபு இழை தவிரச் சின்ன வளையங்களும் உண்டு, பிளாஸ்மிட் என்பார்கள். மருந்தை முறிக்கும் வித்தை அந்த வளையத்தில் இருந்தால், கிருமி பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு ஒரு நகலைக் கொடுத்துவிடும். தன் இனமா, வேற்று இனமா என்றுகூடப் பார்க்காது.

எடுத்து வைத்திருந்த முதல் வாரத்து இளஞ்சிவப்பையும் நிறமில்லாததையும் ஒரே குழாயில் ஒரு நாள் வாழவிட்டு, ஆம்பிசிலின் கலந்த தட்டில் போட்டேன். தனியாகப் போட்ட இளஞ்சிவப்பு செத்துக் கிடந்தது. கூடி வாழ்ந்ததில் இளஞ்சிவப்பும் பொட்டுப் பொட்டாக முளைத்திருந்தது. என் பெயர் பிழைத்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை. அரைகுறையாகத் தின்ற மாத்திரை எளியதைக் கொன்று, வித்தை தெரிந்ததற்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். என் ஆறு கேப்சூல் செய்தது அதுதானோ? செல்லையா லேபிள் தப்பு என்று எழுதி வைத்திருந்ததை அடித்தார். பிறகு, "அந்த வார்டுல இன்னும் எத்தனை பேருக்கும்மா இது போயிருக்கும்?" என்றார்.

செராங்கூன் ரோட்டில்

இரண்டு விரல் போனது, பாதம் தப்பியது. சில மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்து செராங்கூன் ரோட்டில் காய்கறி வாங்கும்போது மாணிக்கம் அண்ணன் கோலூன்றி வந்தார். மாடியில் தினம் பார்த்தும் சொல்லத் துணியாத அந்த ஆறு கேப்சூலைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன், நிஜமாகவே அழுகை வந்தது. அவர் என் தோளைத் தட்டினார்: "அட விடு தங்கச்சி. வீட்டுக்குப் போறப்ப ஆஸ்பத்திரியில குடுத்த மாத்திரையில பாதி மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன், உன் மகளுக்கு இருமல் வந்தா வந்து வாங்கிக்க."

மருந்தை நாங்கள் மாடி முழுக்கப் பங்கு போட்டோம், அதை முறிக்கும் வித்தையைக் கிருமிகள் பங்கு போட்டுக்கொண்டன. யாரைப் பார்த்து யார் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் எந்தத் தட்டிலும் எனக்கு முளைக்கவில்லை.