நான் போட்ட மைனஸ் ஒன்று

நான் முன்மொழிந்ததை நானே ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தேன். யாரும் சதி செய்யவில்லை. சதி செய்யும் அளவுக்கு என்னை யாரும் மதிப்பதும் இல்லை.

கணினிக்கு நிரல் எழுதும் மொழி ஒன்று, பல நாட்டுக்காரர்கள் இணையத்தில் கூடி வளர்ப்பது. அதில் ஒவ்வொரு பகுதியையும் ‘முடிந்தது’ என்று ஒரு சொல் போட்டு மூட வேண்டும். வரிகளை உள்தள்ளி எழுதினாலே முடிவது தெரிகிறதே, அந்தச் சொல் எதற்கு என்று கேட்டவன் என் மச்சான். சிவகாசியில் ஓர் அச்சாபீஸில் பட்டாசு லேபிள்களைத் தாளில் அடுக்குவதற்கு நிரல் எழுதுகிறவன். சீசன் ஆர்டர்களுக்கு நடுவே அதைச் செய்தும் காட்டிவிட்டான். ஆனால் உறுப்பினர்தான் முன்மொழியலாம், உறுப்பினர் நான். இது நிறைவேறினால் அவனையும் உறுப்பினராக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் அவன் காத்திருந்தான்.

வேண்டும் என்றால் பிளஸ் ஒன்று, வேண்டாம் என்றால் மைனஸ் ஒன்று, எப்படியானாலும் சரி என்றால் பூஜ்யம். விதிகளைப் படித்தேனா என்றால், செல்லில் ஆப் ஏற்றும்போது ‘சம்மதம்’ அழுத்துவதற்கு முன் எல்லாரும் எப்படிப் படிப்பார்களோ அப்படிப் படித்தேன்.

ஆமத்தூரில் எங்கள் பொங்கல் விழாக் கமிட்டிக்கு ஒருவர் பேரைச் சொன்னால், அவர் உடனே தலையாட்டக் கூடாது. “எனக்கு எதுக்குப்பா, வேற ஆளப் பாருங்க” என்று நழுவ வேண்டும். சுற்றியிருப்பவர்கள் “அட, நீங்க இல்லாம யாரு” என்று பிடித்து உட்கார வைக்க வேண்டும். உடனே சரி என்றவரை ‘அலையுறான்’ என்பார்கள். நான் அலைகிறவன் இல்லை என்று உலகத்துக்குக் காட்ட, மைனஸ் ஒன்று போட்டேன். கூடவே, ‘சிறியவனின் யோசனை, பெரியவர்கள் பார்த்துச் செய்யவும்’ என்று ஒரு வரி.

யாரும் பிடித்து உட்கார வைக்கவில்லை. மறுநாள் காலை முடிவு வந்தது: நிராகரிக்கப்பட்டது. மற்ற எல்லாரும் பிளஸ் ஒன்று. ஆனால் ஓர் உறுப்பினர் மைனஸ் போட்டாலே போதுமாம், கதை முடிந்தது. அந்த ஓர் உறுப்பினரின் பேரைப் பார்த்தேன். காட்டுப் பக்கம் ஏதோ பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுச் சோதிக்கும் சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம்தான். அன்றைக்குத்தான் உடம்பு தூக்கிப் போட்டது. பாதி டீ லுங்கியில்.

ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினேன்: முன்மொழிந்தவரே மைனஸ் போட்டால் அது எதிர்ப்பா, அடக்கமா, நடைமுறையைத் தெளிவுபடுத்தவும். அடக்கத்துக்கென்று தனி எண் கிடையாது என்று பதில் வந்தது. வேண்டுமானால் அடுத்த சுற்றில் மறுபடி முன்மொழியலாம்.

யார் எந்த ஓட்டுப் போட்டார்கள் என்பது உறுப்பினர்களுக்கு மட்டும்தான் தெரியும்; வெளியாட்களுக்கு எண்ணிக்கை மட்டும். மச்சான் சாயங்காலம் டீக்கடைக்கு வந்தான்.

“யாரு மாப்ளே அந்த மைனஸு?”

“நம்ம ஆளுதான்.”

“நம்ம ஆளுன்னா?”

“நாந்தான் மச்சான். ஒரு மரியாதைக்குப் போட்டேன்.”

கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

“அம்புட்டுப் பேரும் பிளஸ் போட்டிருக்காக,” என்றான் மெதுவாக. “எவன் எவனோ போட்டிருக்கான்.”

“அடுத்த சுத்துல மறுபடி வைப்போம் மச்சான். இந்தத் தடவ கண்டிப்பா பிளஸ்.”

“ஓட்டு முடியுற வரைக்கும் உன் செல்லு எங்கிட்ட இருக்கட்டும்.”