வாசிகசாலை முகப்பின் தாமரை

தொண்ணூறுகளின் தொடக்கம். போரில் சீமெந்துக்குத் தடை இருந்த காலம். எங்கள் ஊர் வாசிகசாலையின் முன்சுவரில் ஷெல் விழுந்தது. நூறு வருடம் தாண்டிய கட்டடம். உள்ளே புத்தகங்கள் தப்பிவிட்டன. ஆனால் வாசல் வளைவு பிளந்து, அதன் மேலிருந்த சுண்ணாம்புத் தாமரை தூளாகிக் கிடந்தது. நான் அங்கே நூலகராக இருந்தேன்.

வாசிகசாலைக் குழுத் தலைவர் இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். தகரம் அடித்து மறைத்துவிடச் சொன்னார்.

"முகப்பை ஏன் பிள்ளை திருத்துவான்? திருப்பியும் அடிப்பாங்கள்."

"அடிச்சால் திருப்பியும் திருத்துவம், ஐயா."

சொன்ன பிறகுதான் என் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று தெரிந்தது. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஊரில் சுவர் கட்டுகிற மேசனாரிடம் போய், சீமெந்து இல்லையே என்று இழுத்தேன். அவர் சிரித்தார்.

"உந்தக் கட்டடத்தைக் கட்டேக்கை ஆர் சீமெந்தைக் கண்டது?"

தொண்டைமானாற்றுப் பக்கமிருந்து சுண்ணாம்பு எடுப்பித்தார். அதை நீற்றி, மணலும் பனங்கட்டித் தண்ணீரும் சேர்த்து நாள்கணக்கில் குழைத்தார். வளைவு எழும்பியது. ஆனால் தாமரை எப்படி இருந்ததென்று ஒருவருக்கும் சரியாக நினைவில்லை. தினமும் அதன் கீழால் போய்வந்த எனக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த முகப்பின் முன்னால் கலியாணப் படம் எடுப்பது ஊர் வழக்கம். வீடு வீடாகப் படம் கேட்டுத் திரிந்தேன். இடம்பெயர்ந்ததில் பலர் தொலைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பெண் கொண்டுவந்தாள். கடலுக்குப் போன அவளுடைய கணவன் திரும்பி வரவில்லை. படத்தை அவள் யார் கையிலும் கொடுக்கவில்லை. மேசனார் ஏறி நின்ற சாரத்தின் கீழ் தானே நின்று உயர்த்திப் பிடித்தாள்.

"அண்ணை, இதழ் இன்னும் அகலம்."

பூ முடிகிற தறுவாயில் பொம்மர் விமானம் வந்தது. பங்கர்க் குழிக்குள் ஓடினோம். குண்டு சந்தைப் பக்கம் விழுந்தது. வெளியே வந்தபோது ஈரம் காயாத மூன்று இதழ்கள் நிலத்தில் கிடந்தன. மேசனார் மறுபடி சாரத்தில் ஏறி, "கலவையைத் தாங்கோ" என்றார். நான்தான் குழைத்துக் கொடுத்தேன்.

எல்லாம் முடிந்து வெள்ளை அடித்த அன்று தலைவர் வந்தார்.

"உவ்வளவு வெள்ளையெண்டால் மேலையிருந்து தெரியுமெல்லோ?"

"தெரியட்டும்" என்றாள் அந்தப் பெண்.

அவர் தாமரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அன்றைய பேப்பரைக் கேட்டார்.